ஒன்று ஐந்தானது

“என் மெமரியைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணித் தர முடியுங்களா?”

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது என் கடை. பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். கேட்பவர் கையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அன்றைக்கு வந்த பெண்ணின் கையில் ஒரு மஞ்சள் கவர் மட்டும்தான் இருந்தது. அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

துணைப்பெட்டி. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. மண்டையில் அடிபட்டுப் புது ஞாபகங்கள் தங்காமல் போனவர்களுக்கு இதைப் பொருத்துகிறார்கள். மெல்லிய கம்பி ஒன்று காதுக்குப் பின்னால் உள்ளே போகும். பார்ப்பதையும் கேட்பதையும் மூளைக்குப் பதிலாகப் பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பிக் கொடுக்கும். எங்கள் மாவட்டத்தில் மட்டும் முந்நூறு பேருக்கு மேல் இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது மந்திரம் எதுவும் இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு மதர்போர்டு, அதில் இரண்டு மெமரி ஸ்டிக்.

வந்தவர் பெயர் ஜெசிந்தா மேரி. நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரில் போகும்போது லாரி இடித்தது. பெட்டி வைத்த ஆறாவது மாதம், தான் முன்பு வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிருக்கிறார். இப்போது சஸ்பெண்ட்.

“என்ன ஆச்சு சிஸ்டர்?”

“ஒருத்தர் இறந்துட்டாருங்க. நான் போட்ட ஊசியில.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து, முழங்காலில் கவரை வைத்து நீவிக்கொண்டே சொன்னார்.

“டாக்டர் போன்ல சொன்னார். அஞ்சு மில்லின்னு சொன்னார். இப்பவும் அவர் குரல் என் காதுல கேக்குது. அவர் என்னடான்னா ஒரு மில்லின்னுதான் சொன்னேங்கறார்.”

“ஆஸ்பத்திரி போன்னா பேசுறது பதிவாகுமே.”

“ஆகியிருக்கு. போட்டுக் காட்டினாங்க. ஒரு மில்லின்னுதான் இருக்கு. நானும் ‘ஒரு மில்லி, சரிங்க டாக்டர்’னு திருப்பிச் சொல்லியிருக்கேன். என் குரல்தான்.” கவரை மறுபடி நீவினார். “அன்னிக்கு வார்டுல கரன்ட் வேற இல்லை. போனை வச்சுட்டு பெட்டுக்கு எழுபது அடி நடக்கணும். நடந்து போய் அஞ்சு போட்டேன்.”

இறந்தவர் முத்துவேல். லேத் பட்டறைத் தொழிலாளி, நாற்பத்தொரு வயது. மூச்சிரைப்பு என்று ஆட்டோவில் வந்து இறங்கியவர். கவனக்குறைவால் மரணம் என்று போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. பெட்டியைச் செய்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கும் ஜெசிந்தா போயிருக்கிறார். பத்து நிமிஷம் சோதித்துவிட்டு, ‘பழுது இல்லை’ என்று சீல் வைத்துக் கொடுத்த காகிதம்தான் அந்தக் கவரில் இருந்தது.

அதை வாங்கிப் படித்தேன். சோதித்த அறையின் வெப்பம் பதினெட்டு டிகிரி என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அங்கேயே கோபம் தொடங்கிவிட்டது. சித்திரை வெயிலில், கரன்ட் போன வார்டில், யூனிஃபார்முக்குள் இடுப்போடு ஒட்டிக் கிடக்கிற பெட்டியைக் குளுகுளு அறையில் பத்து நிமிஷம் வைத்துப் பார்த்து நல்ல பிள்ளை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“மெமரியைச் சோதிக்கப் பத்து நிமிஷம் பத்தாது சிஸ்டர். மணிக்கணக்கா ஓடவிடணும். அந்த நேரம் முழுக்கப் பெட்டி உங்ககிட்ட இருக்காது. பரவாயில்லையா?”

“தெரியும். அதான் எழுதிக்கிட்டு வந்திருக்கேன்.” இன்னொரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ‘ஜெசி, நீ அங்கயற்கண்ணி என்பவரின் கடையில் இருக்கிறாய். நீயேதான் வந்தாய். பயப்படாதே. அவர் சொன்னால்தான் எழுந்து போக வேண்டும்.’ கீழே கையெழுத்து. அது தன் கையெழுத்துதான் என்று தானே நம்புவதற்காக.

காதுக்குப் பின்னால் கம்பியைக் கழற்றினேன்.

இரண்டு நிமிஷத்தில் அவர் முகம் மாறியது. சுற்றிப் பார்த்தார். தாளைப் படித்தார். “நீங்கதான் அங்கயற்கண்ணியா? எனக்கு ரெண்டு மணி ஷிஃப்ட் இருக்குங்களே” என்றார். அவருக்கு விபத்துக்கு முந்தைய நாளாகவே இருந்தது. எதற்காக இங்கே வந்தேன் என்று கேட்டார். நான் புத்தியில்லாமல் உண்மையைச் சொன்னேன். உங்கள் கையால் ஒருவர் இறந்துவிட்டார் என்றேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று நிமிஷம் கழித்து, கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று தெரியாமல் துடைத்துவிட்டு, “நீங்கதான் அங்கயற்கண்ணியா?” என்றார்.

அதற்கப்புறம் நான் சொல்லவில்லை. செக்கப்புக்கு வந்திருக்கீங்க சிஸ்டர், கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். அன்றைக்கு மட்டும் அறுபது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னார்.

பெட்டியை ஒரு துண்டில் சுற்றி, ஜன்னல் பக்கம் வெயில் படுகிற இடத்தில் வைத்துச் சோதனையை ஓடவிட்டேன். சோதனை என்பது எளிய வேலைதான். மெமரியில் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் வருகிறதா என்று பார்ப்பது. அதையே கோடிக்கணக்கான தடவை செய்வது. பத்து நிமிஷம் தாண்டியது. அரை மணி தாண்டியது. நாற்பத்தோராவது நிமிஷம் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது.

ஸ்டிக் கெட்டிருக்கலாம். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட்டினேன். சுத்தம். மாற்றிப் போட்டேன். அதுவும் சுத்தம். ஸ்லாட்டை மாற்றினேன். சுத்தம். இரண்டையும் சேர்த்துப் போட்டதும் மறுபடி சிவப்பு வரி. அப்படியானால் ஸ்டிக் மேல் குற்றம் இல்லை. இரண்டும் சேர்ந்து தாங்க முடியாத வேகத்தில் யாரோ ஓட்டுகிறார்கள்.

அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். மெமரி ஓடும் வேகம் ஆறாயிரத்து நானூறு. அந்தப் போர்டில், அந்த ஸ்டிக்குகளை ஜோடியாகப் போட்டால் நாலாயிரத்து எண்ணூறுதான் நிம்மதியாக ஓடும். கூடுதல் வேகம் வேண்டுமென்றால் வோல்ட்டேஜையாவது கொஞ்சம் ஏற்ற வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அதையும் குறைத்தே வைத்திருந்தார்கள். பழைய பதிவுகளைப் பார்த்தேன். இரண்டரை வருஷம் இந்தப் பெட்டி நாலாயிரத்து எண்ணூறில்தான் ஓடியிருக்கிறது. மாசி மாதம் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டில் வேகம் ஏறியிருக்கிறது. ‘இனி உங்கள் பதில்கள் இன்னும் விரைவாக’ என்று ஒரே ஒரு வரிக் குறிப்பு. ஜெசிந்தாவை யாரும் கேட்கவில்லை.

இரவுக்குக் கம்பியை மாட்டி ஜெசிந்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் வரச் சொல்லி, வேகத்தைப் பழையபடி குறைத்துக் காலை முதல் மாலை வரை அதே வெயிலில் ஓட்டினேன். ஒரு சிவப்பு வரி கூட இல்லை.

முதல் நாளின் சிவப்பு வரிகளை எழுதி வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிழை ஏறக்குறைய எப்போதும் ஒரே இடத்தில்தான் விழுந்தது. எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களில் முதலாவது, சுழியாக இருக்க வேண்டியது ஒன்றாகியிருந்தது.

அன்று மாலை கம்பியை மாட்டியதும் ஜெசிந்தாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். “மெஷினுக்குச் சுழியும் ஒண்ணும் மட்டும்தான் தெரியும். ஒண்ணுங்கற எண்ணை சுழி, சுழி, ஒண்ணுன்னு எழுதும்; முதல் இடத்துக்கு மதிப்பு நாலு. இதுல முதல் சுழி ஒண்ணா மாறிட்டா ஒண்ணு, சுழி, ஒண்ணு. அது என்ன தெரியுமா சிஸ்டர்? அஞ்சு.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா நான் டாக்டர் குரலைக் கேட்டேனே அக்கா.”

“பெட்டி குரலைச் சேர்த்து வைக்காது. எண்ணாத்தான் வைக்கும். அது அஞ்சுன்னு கொடுத்தா, உங்க மூளை டாக்டர் குரல்லயே அஞ்சுன்னு கேட்டுக்கும். உங்களுக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. போனை வைக்கும்போது ஒண்ணா இருந்தது, அந்த எழுபது அடிக்குள்ள மாறிடுச்சு.”

“அப்போ நான் பொய் சொல்லலை” என்றார். தாளை மடித்து வைத்துவிட்டு, “ஆனா போட்டது நான்தான்” என்றார்.

நிறுவனத்தின் மதுரை அலுவலகத்துக்கு நானே போனேன். சபரீசன் என்று ஒரு இன்ஜினியர். மரியாதையான மனிதர், காபி வரவழைத்தார். நான் கொண்டுபோன தாள்களைப் புரட்டிவிட்டு, எல்லாம் ஏற்கெனவே தெரிந்த மாதிரி மூடி வைத்தார்.

“மேடம், ஆறு மணி நேரத்துக்கு ஏழெட்டு எரர். அது நாங்க அனுமதிச்ச அளவுக்குள்ளதான் வருது.”

“எந்த ஏழெட்டு?”

“புரியலை.”

“போன வாரம் சாப்பிட்டது இட்லியா தோசையாங்கறதா, இல்லை நோயாளிக்குப் போடற மருந்தா? அது உங்க அளவுல வருதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேகத்தை நாங்க ஆசைப்பட்டு ஏத்தலை மேடம். பெட்டி வச்சவங்க வேலைக்குப் போகணும்னா வருஷா வருஷம் பதில் நேரத் தேர்வு எழுதணும்னு அரசாங்கம் விதி கொண்டுவந்துச்சு. ஆஸ்பத்திரி, ஸ்கூல், செக்யூரிட்டி கம்பெனி எல்லாரும் சேர்ந்து கேட்டு வாங்கின விதி. கேள்விக்கு அரை செகண்டுல பதில் வரணும். பழைய வேகத்துல முக்காவாசிப் பேர் ஃபெயில். அவங்க வேலை போயிடக் கூடாதுன்னுதான் செஞ்சோம்.”

“பதில் சரியா வருதான்னு தேர்வு இருக்கா?”

“நேரம்தான் அளக்கறாங்க.”

“பிழையைத் தானே திருத்திக்கற மெமரி இருக்கே. பேங்க் கம்ப்யூட்டருக்கெல்லாம் அதைத்தானே போடுறாங்க? இவங்களுக்கு ஏன் போடலை?”

“எடை கூடும். விலையும் கூடும்.”

நான் எழுந்துவிட்டேன். பேங்கில் ஒரு எண் மாறக் கூடாது என்று அவ்வளவு கவனம். ஒரு மனுஷியின் தலைக்குள் மாறினால் அது அனுமதித்த அளவு. காபியைத் தொடவில்லை.

வைகாசியில் விசாரணை நடந்தது. சுகாதாரத் துறையின் அலுவலகத்தில், நீளமான மேஜை போட்ட ஒரு அறை. நான் துண்டு, பெட்டி, வெயிலுக்குப் பதிலாக ஒரு டேபிள் லேம்ப் எல்லாவற்றையும் கொண்டுபோய், மறுபடி ஆறாயிரத்து நானூறில் வைத்து அதிகாரிகள் கண்முன்னே ஓட்டிக் காட்டினேன். சிவப்பு வரி அங்கேயும் விழுந்தது. தொலைபேசிப் பதிவையும் போட்டார்கள். ‘ஒரு மில்லி, சரிங்க டாக்டர்’ என்று ஜெசிந்தாவின் குரல் சுவரில் பட்டு வந்தது.

கடைசி நாற்காலியில் முத்துவேலின் மனைவி பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். விசாரணை அதிகாரி முடிவைப் படித்தார். நர்ஸ் மீது தவறில்லை. டாக்டர் மீது தவறில்லை. நிறுவனம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இயங்கியிருக்கிறது. தேர்வு விதி இதில் சம்பந்தப்படாது. எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு. இனி, விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்தால் பெட்டியின் வேகத்தை நிறுவனம் குறைத்துத் தர வேண்டும்.

பேச்சியம்மாள் எழுந்து நின்றார். “ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பொண்ணு செய்யலைங்கறீக. டாக்டரு செய்யலைங்கறீக. கம்பேனியும் செய்யலை. அப்ப எங்க வீட்டுக்காரவுகள யாருதான் கொன்னது?”

அதிகாரி, “உங்க வருத்தம் புரியுதும்மா” என்றார். அடுத்த கோப்பை எடுத்தார்.

ஜெசிந்தா வேகத்தைக் குறைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, தேர்வில் தேறினால். அவருக்குப் பதில் வர முக்கால் செகண்டுக்கு மேல் ஆனது. தகுதியற்றவர் என்று எழுதிவிட்டார்கள். தப்பாக, ஆனால் வேகமாகப் பதில் வந்தபோது இதே தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவர்.

முந்நூறு பேரில் வேகத்தைக் குறைக்க எழுதிக் கொடுத்தவர்கள் பதினோரு பேர். இதை நான் நம்பாமல் இரண்டு தடவை விசாரித்தேன். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் ஆனி மாதம் என் கடைக்கு வந்தார். தவமணி, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஜெசிந்தாவும் அப்போது கடையில் இருந்தார். வேலை இல்லாததால் பில் எழுத, போன் எடுக்க என்று என்னோடு வந்து இருந்துகொண்டிருந்தார்.

“அக்கா, நாலாயிரத்து எண்ணூறுல இருக்கு. மறுபடி ஏத்தி விடணும்” என்றார் தவமணி. “கம்பெனியில மூணு வாரம் ஆகும்கறாங்க. திங்கக்கிழமை எனக்குத் தேர்வு.”

“எதுக்குக் குறைச்சீங்களோ அது தெரியும்ல?”

“தெரியாம என்னக்கா. சிஸ்டர் கதையைப் பேப்பர்ல படிச்சுட்டுத்தான் குறைச்சேன். இப்ப ஃபெயிலானா வேனு போயிடும்.”

“வேன்ல எத்தனை பிள்ளைங்க?” என்று ஜெசிந்தா கேட்டார்.

“பதினாலு.”

“எந்தப் பிள்ளை எந்த வாசல்ல இறங்கணும்னு தப்பா ஞாபகம் வந்துச்சுன்னா?”

தவமணி தலையைக் குனிந்துகொண்டார். “தப்பா வந்தாலும் அது தப்புன்னு எனக்குத் தெரியாதுல்ல சிஸ்டர்.”

ஜெசிந்தாவுக்குப் பதில் வர நேரமானது. காத்திருந்தோம். “எனக்கும் தெரியலை அண்ணே” என்றார். பிறகு, “திங்கக்கிழமை தேர்வு எங்க? எத்தனை பேர் வருவாங்க?” என்றார்.

நான் வேகத்தை ஏற்றித் தரவில்லை. தவமணி கோபித்துக்கொண்டு போனார். ஜெசிந்தா அன்று மாலையே பேச்சியம்மாளின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை தேர்வு மண்டபத்தின் வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். கொடி, தட்டி ஒன்றும் கிடையாது. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி பேச்சியம்மாள் சொன்னார்: “அவுகளுக்கு ஒண்ணுதேன் போடச் சொன்னாக. இந்தப் பொண்ணுக்கு அஞ்சுன்னு கேட்டுருச்சு. இவ மேல தப்பில்ல. நீங்க உள்ள போயி நிதானமாச் சொல்லுங்க. எல்லாரும் நிதானமாச் சொன்னா உங்கள என்ன செஞ்சுருவாக?” ஜெசிந்தா பக்கத்தில் நின்றார். அழவில்லை, கெஞ்சவில்லை. நான்தான் அந்த நர்ஸ் என்று மட்டும் சொன்னார்.

நாற்பத்துமூன்று பேர். நர்ஸ்கள், வாட்ச்மேன்கள், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர்கள், லிஃப்ட் இயக்குபவர், தவமணியும் அவரைப் போல வேன் ஓட்டுகிறவர்களும். முதலில் போன நாலைந்து பேர் சட்டென்று பதில் சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்காமல் வெளியேறினார்கள். ஆறாவதாக ஒரு வாட்ச்மேன். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

“உங்க பேரு?”

பதில் இல்லை. கருவி நேரம் தாண்டிவிட்டதைச் சொல்லிக் கூவியது.

“பேரைச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்வேன் சார். அவசரம் இல்லை.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்தவர் பத்து வரை விரல் விட்டு எண்ணிவிட்டுப் பெயரைச் சொன்னார். அதற்கடுத்த பெண் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். தவமணி உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை என்ற கேள்விக்கு ஒரு முழு நிமிஷம் எடுத்துக்கொண்டார். கருவி விடாமல் கூவிக்கொண்டே இருந்தது. நாலு மணிக்குப் பட்டியலில் முப்பத்தெட்டு பேருக்கு நேராகத் தகுதியற்றவர் என்று எழுதியிருந்தது.

தேறாதவர்களை வேலைக்கு எடுக்க முடியாததால் செவ்வாய்க்கிழமை எட்டுப் பள்ளிகளில் வேன் வரவில்லை. இரண்டு ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களைத் தள்ளி வைத்தன. புதன்கிழமை மற்ற மாவட்டங்களில் தேர்வுக்குப் போனவர்களும் நிதானமாகப் பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். வெள்ளிக்கிழமை அரசாங்கத்தின் சுற்றறிக்கை வந்தது.

பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்கு வந்து என்னைப் படிக்கச் சொன்னார். ஜெசிந்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சத்தமாகப் படித்தேன். நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, பதில் நேரத் தேர்வு மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. துணைப்பெட்டிகள் அனைத்தும் பழைய வேகத்துக்கு மாற்றப்படும். பாதிக்கப்பட்ட பணியாளர்கள் மீண்டும் பணியில் சேரலாம்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்டுக்காரவுக பேரு எங்கிட்டு வருது?”

நான் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

“வரலைங்க.”

“நீங்க வேகமாப் படிச்சுட்டீக” என்றார். “மொதல்லருந்து படிங்க.”

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன், ஒவ்வொரு சொல்லாக.